கோபமே வராத மனிதரின் மகள்

சேற்றில் விழுந்த தலைப்பாகையை அப்பா குனிந்து எடுப்பது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. எடுப்பார், ஒரு தடவை உதறுவார், மண் பட்ட பக்கத்தை உள்ளே மடித்து நிதானமாகத் தலையில் சுற்றிக்கொள்வார். சுற்றி முடித்ததும் சிரிப்பார். அதைத் தட்டிவிடுகிறவர் எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையா. துரைக்கு அடுத்தபடியாக மலையில் ஆட்களை வேலை வாங்கியவர் அவர்தான். விடியும் நேரத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கும் பெரட்டுக் களத்தில், தன் பிரம்பின் நுனியை அப்பாவின் தலைப்பாகைக்குள் விட்டு நெம்பிக் கீழே தள்ளுவார். அப்பா செய்த குற்றம் எதுவும் இருக்காது. கண்டாக்கையாவுக்கு அது ஒரு வேடிக்கை. கல்யாணத்துக்கு முன் நானும் கூடையைக் கட்டிக்கொண்டு அந்த வரிசையில் நின்றவள். அப்பாவின் கீழ் வேலை செய்த ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். அதில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத முகத்தைத்தான் எல்லாரும் பொறுமை என்றார்கள். நானும் அப்படி நம்பிப் பெருமைப்பட்டேன்.

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால், மலைச்சரிவில் இருந்த தேயிலைத் தோட்டம் அது. பதுளைக்கு ரயில் வராத காலம். மாட்டு வண்டி போகும் பாதையில் இறங்கி நடந்தால்தான் டவுன். அப்பா அங்கே ஒரு சிறு கூட்டத்துக்குக் கங்காணி. ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டில் சண்டை என்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் உட்கார்ந்தாலே சத்தம் அடங்கிவிடும். காய்ச்சல் கண்ட வீட்டுக்குத் தன் வீட்டு அரிசியைக் கொடுத்துவிடுவார். ஒருநாளும் அம்மாவை அதட்டியதில்லை, என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் என்னைப் பெண் கேட்டு வந்தபோது, என் நிறத்தையோ நகையையோ அவர்கள் பார்க்கவில்லை. கங்காணியின் குணத்தைப் பார்த்துச் செய்கிறோம் என்று என் மாமனார் வெளிப்படையாகவே சொன்னார். என் வாழ்க்கையே அந்தக் குணத்தின் பேரில் கிடைத்தது.

அப்பாவுக்கு ஒரே தம்பி, என் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அடர்ந்த புருவம், கனத்த தாடை, மேல் லயத்தில் நின்று பேசினால் கீழ் லயத்தில் கேட்கும் குரல். சோற்றில் கல் இருந்தால் கத்துவார். மாடு நகராவிட்டால் மாட்டோடு சண்டை போடுவார். ஒருமுறை வண்டிக்காரன் ஒருவன் தன் மாட்டின் வாலை முறுக்கியதைப் பார்த்துவிட்டு, எதிரே போய் நின்று, "இப்ப உன்னை அடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டே அறைந்தார். அறைந்த கையோடு அவனைக் கடைக்கு இழுத்துப்போய்த் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அவருடைய கோபம் கொட்டித் தீர்ந்துவிடும் மழை மாதிரி. ஆனால் கொட்டும்போது பார்த்தவர்கள்தான் அதிகம், விட்ட பிறகு பார்த்தவர்கள் குறைவு. லயத்துத் தாய்மார்கள் பிள்ளைகளை மிரட்ட அவருடைய பெயரைத்தான் சொன்னார்கள்.

தலைச்சன் பிள்ளைக்காக நான் தாய்வீட்டுக்கு வந்திருந்த ஐப்பசி மாதம் அது. ஒருநாள் காலை, கண்டாக்கையா வழக்கம்போல் பிரம்பை நீட்டினார். தலைப்பாகை விழுந்தது. அப்பா குனிந்தார். அவர் எடுப்பதற்குள் கண்டாக்கையா அதன் மேல் தன் சப்பாத்துக் காலை வைத்துக்கொண்டு துரையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாராம். பேசி முடிக்கிற வரையில் அப்பா குனிந்தபடியே நின்றாராம். அப்போதுதான் சித்தப்பா வரிசையை விட்டு வெளியே வந்திருக்கிறார். "இன்னொரு தடவை எங்கண்ணன் தலையில கை வச்சா, அந்தக் கை இருக்காது" என்று அவர் கத்தியது வீட்டு வாசலில் நின்ற எனக்கே கேட்டது. துரை கேட்டார், கணக்கப்பிள்ளை கேட்டார், தோட்டம் முழுக்கக் கேட்டது. அப்பாதான் சித்தப்பாவின் தோளைப் பிடித்து வரிசைக்குத் திருப்பி அனுப்பினார். கண்டாக்கையாவிடம் தம்பிக்காக மன்னிப்பும் கேட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், ஒரு மழைச் சாயங்காலம். எனக்கு நாக்கு புளிப்புக்கு ஏங்கியது. அதைக் கேட்ட சித்தப்பா, பத்தனைப் புல்வெளியில் நெல்லி காய்த்திருக்கிறது, பறித்து வருகிறேன் என்று தனியாகப் போயிருந்தார். அப்பா வேலை முடிந்து சற்றுத் தாமதமாக வந்தார். மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார், கைகால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கீழே கூச்சல் கேட்டது. தொழிற்சாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கண்டாக்கையாவை யாரோ வெட்டிவிட்டார்கள் என்றார்கள்.

அப்பா சட்டையை மாட்டித் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு விளக்கோடு முதல் ஆளாக ஓடினார். கண்டாக்கையாவின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே வெட்டுப்பட்டுத் தொங்கிக் கிடந்தது. எல்லாரும் திகைத்து நின்றபோது அப்பா சேற்றில் உட்கார்ந்து, அவருடைய தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன் தலைப்பாகையை அவிழ்த்து அந்தக் கையை இறுக்கிக் கட்டினார். அந்தக் கட்டு இல்லாவிட்டால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்று பிறகு டாக்டர் சொன்னார். கை போயிற்று, உயிர் தங்கிற்று. அத்தனை நாள் தன்னை அவமானப்படுத்தியவனின் உயிரைக் காப்பாற்றியவர் என்று அப்பாவைப் பற்றி மலையெல்லாம் பேசினார்கள்.

வெட்டியவனின் முகத்தைக் கண்டாக்கையா பார்க்கவில்லை. கம்பளியால் தலையை மூடிய ஒருவன் பின்னாலிருந்து வந்தான், வாய் திறக்கவில்லை, வெட்டினான், போய்விட்டான். இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. மழைக் காலத்தில் கம்பளி போடாத ஆள் தோட்டத்தில் யார்? தேயிலைச் செடிகளுக்குள் கிடந்த, கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தியும் எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரியானதுதான். ஆனால் யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை இருக்காது என்று சொன்னவன் இருந்தான், கை போயிருந்தது. தலைத்துண்டு நிறைய நெல்லிக்காயோடு நனைந்து வந்த சித்தப்பாவைப் படியேறும்போதே பிடித்துக்கொண்டார்கள். நெல்லிக்காய்கள் வாசலில் உருண்டன. எனக்காகப் பறிக்கப் போனார் என்று பொலிஸ்காரரிடம் நான் சொன்னேன். பறிக்கப் போன வழியில் வெட்டியிருக்கலாமே என்று அவர் கேட்டார்.

அந்த வாரமே எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. வழக்கு பதுளைப் பெரிய கோர்ட்டுக்கு வந்தபோது குழந்தைக்குத் தலை நின்றிருந்தது. நெல்லிக்காயைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னை அழைத்திருந்ததால் நானும் போனேன். என் சாட்சியைக் கேட்டு யாரும் எதையும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. துரை வந்து, தான் வெகுகாலமாகத் தோட்டத்து ஆட்களை வைத்து வேலை வாங்குவதாகவும், இப்படிப்பட்ட புருவமும் தாடையும் உள்ளவன் எதற்கும் துணிவான் என்பது தன் அனுபவம் என்றும் சொன்னார். துபாஷி அதைத் தமிழில் சொன்னபோது அங்கே நின்ற எல்லாருடைய கண்ணும் சித்தப்பாவின் முகத்துக்குப் போயிற்று. கோர்ட்டில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எங்களுக்காக வாதாடிய பிரக்டர் சித்தப்பாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவரால் முடியுமா? கண்டாக்கையா சாட்சி சொல்லும்போது கூண்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினார். "பேசாம வந்து வெட்டுற பழக்கம் எனக்குக் கிடையாது!"

அவர் சொன்னது முழு உண்மை. பேசாமல் அவரால் ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது. பின்னாலிருந்து அவர் யாரையும் தொட்டதே இல்லை. ஆனால் அவர் அதைக் கத்திச் சொன்ன விதத்தில், சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கத்தினது மட்டும் கேட்டது.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். துவைத்த வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக வந்து கும்பிட்டு நின்றார். உன் தம்பி எப்படிப்பட்டவன் என்று கேட்கப்பட்டது. அப்பா கூண்டைப் பார்த்தார். சித்தப்பாவின் கண்களையே பார்த்தார். மெதுவாக, அந்த அமைதியான குரலில் சொன்னார்.

"கோவக்காரன்தாங்க. கோவம் வந்தா என்ன செய்றோம்னு அவனுக்கே தெரியாதுங்க. மத்தபடி நல்லவன்."

சொல்லிவிட்டுத் துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட அண்ணனுக்கு இப்படி ஒரு தம்பியா என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். சித்தப்பா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நீண்ட காலக் கடூழியச் சிறை என்று தீர்ப்பாயிற்று.

பதுளைச் சிறைக் கைதிகளை ரோட்டு வேலைக்கு எங்கள் கடைவீதி வழியாகத்தான் கொண்டுபோவார்கள். குற்றவாளியின் சொந்தம் என்ற வெட்கம் எனக்கு அப்போது இருந்தது. மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். கைதிகள் வரும் நேரத்தில் உள்ளே எனக்கு ஏதாவது வேலை வைப்பார், அவ்வளவுதான். அந்த வெட்கத்தை நான் தாங்கிக்கொண்டேன். அது ஒரு நோய் மாதிரி, நாம் தேடிக்கொண்டதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று எனக்காகக் காத்திருந்தது தெரியாது.

பேரனைப் பார்க்க அம்மா வந்திருந்தபோது, இரண்டு பேரும் குழந்தையோடு கடை வாசலில் நின்றோம். கைதிகள் வந்தார்கள். சித்தப்பா எங்களைப் பார்த்துவிட்டார். அடுத்த மலையில் நம்மைக் கண்டாலே கூவி அழைக்கிற மனிதர், சட்டென்று முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். என் புகுந்த வீட்டார் முன்னால் என்னை அவமானப்படுத்தக் கூடாதென்று அப்படிச் செய்தார். அம்மா அதைப் பார்த்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

அங்கேதான் அம்மா சொன்னாள். வெட்டு நடந்த அன்றைக்கு அப்பா கழற்றி மாட்டிய கம்பளியை மறுநாள் காலை பீலித் தண்ணீரில் அலசினாளாம். தண்ணீர் சிவப்பாக ஓடியதாம். கண்டாக்கையாவைத் தூக்கியபோது பட்ட இரத்தமாக இருக்கும் என்று முதலில் நினைத்தாளாம். பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. கூச்சல் கேட்டு ஓடும்போது அவர் கம்பளியை எடுக்கவே இல்லை, அது கதவுக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கோர்ட்டு எப்படியும் தம்பியை விட்டுவிடும் என்று நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். தீர்ப்பு வந்த அன்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று காலைப் பிடித்திருக்கிறாள். அப்பா அவளை எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இதமாகச் சொன்னாராம். "நான் போயிட்டா உன்னைய யாரு பாத்துக்குவா? அவனுக்குப் பொண்டாட்டியா, புள்ளையா?"

அம்மா என்னிடம் அழாமல் இதைச் சொன்னாள். அந்தக் கை என்னைத் தூக்கி வளர்த்த கை. அதைவிட என்னை உலுக்கிய நினைப்பு வேறொன்று. தலையையோ காலையோ வெட்டாமல் கையை ஏன் வெட்டினார்? தம்பி வாயிலிருந்து வந்த வார்த்தை அவர் மனதில் பதிந்து அது தானாக வழிகாட்டிற்றா? இல்லை, அந்த வார்த்தையைத் தோட்டமே கேட்டிருக்கிறது என்று தெரிந்து செய்தாரா?

என் வீட்டுக்காரரிடம் அன்றே சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பிரக்டரிடம் போவதற்கு முன் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சிறைக்கு அழைத்துப்போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மொட்டைத் தலையோடு நின்றார். நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் ஆத்தா. கோர்ட்டுல அண்ணன் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுச்சுல்ல, அப்பவே தெரிஞ்சு போச்சு" என்றார்.

"பிரக்டர்கிட்ட சொல்லப் போறோம் சித்தப்பா."

"வேணாம். நான் வாயால சொன்னேன், அண்ணன் கையால செஞ்சுச்சு. எத்தனை நாளு குனிஞ்சு நின்னுச்சு, நாம பாக்கலியா? எனக்கு அதுல வருத்தமில்ல." கொஞ்ச நேரம் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ரொம்பக் கோவம் வரும்னு சொல்லுச்சு பாரு. அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்."

எவ்வளவு கெஞ்சியும் அவர் இறங்கவில்லை. நீங்கள் சொன்னால் நானே வெட்டினேன் என்று சத்தியம் செய்வேன் என்று கத்தினார், காவலாளி ஓடி வந்தான். புறப்படும்போது குழந்தை ரொம்ப அழுகிறானா என்று கேட்டார். வீடு இடியக் கத்துகிறான் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார். "கத்தட்டும், அடக்காதே" என்றார்.

அதற்கப்புறம் தோட்டத்துக்குப் போனபோது அப்பாவிடம் சித்தப்பாவைப் பார்த்ததைச் சொன்னேன். என் குரலில் இருந்ததை அவர் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பாவம், கோபம் அவனைக் கெடுத்துவிட்டது என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் நடிப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. செய்ததைத் தனக்குள்ளேயே எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் வாழ அவருக்குத் தெரிந்திருந்தது. சேற்றிலிருந்து எழுந்து நின்று சிரித்தபோதெல்லாம் அவர் செய்தது இதைத்தான் போலும். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பெரிய கங்காணி வேலை கிடைத்தது. ஏழைகளுக்கு இன்னும் அதிகமாகக் கொடுத்தார். கோயிலுக்கு மணி வாங்கி வைத்தார். இன்னொரு மனிதனை அவர் தொட்டதாக நான் அறியவில்லை.

சித்தப்பா சிறையிலிருந்து வெளியே வந்ததும் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. பெரகலச் சந்தியில் வண்டிக்காரர்கள் தங்கும் இடத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கடை போட்டுக்கொண்டார். பழையபடியே கத்தினார். வெந்நீர் ஆறினால் அடுப்போடு சண்டை, வண்டி குறுக்கே நின்றால் வண்டிக்காரனோடு சண்டை. பார்த்தாயா, சிறைக்குப் போயும் புத்தி வரவில்லை, அந்தக் குணம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று போகிற வருகிறவர்கள் சொன்னார்கள். அவர் கையால் ஒரு காயம்பட்டவன்கூட அந்தச் சந்தியில் இல்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயத்தில் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து மலைப்பாதையே நிறைந்துவிட்டது. துரையும் வந்து தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுப் போனார். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். சித்தப்பா பெரகலயிலிருந்து நடந்தே வந்திருந்தார், கூட்டத்துக்கு வெளியே கொய்யா மரத்தடியில் நின்றார். லயத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கொலைவெறியில் ஒருவன் கையை எடுத்துச் சிறையிருந்த கையால், இப்படிப்பட்ட புண்ணியவானுக்குக் கொள்ளியா என்று கேட்டார்கள். மகள் வயிற்றுப் பேரன் இருக்கிறானே, அவன் வைக்கட்டும் என்று என் மகனைக் கூப்பிட்டார்கள். எல்லாம் சித்தப்பாவின் காதில் விழுந்தது. அவர் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன், கத்த மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியே திரும்ப ஆரம்பித்தார்.

அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். அதுவரை அழுது தொண்டை கட்டியிருந்தவள், அன்றைக்குச் சித்தப்பாவைப் போலவே கத்தினாள்.

"தம்பி, நில்லுங்க. கொள்ளி நீங்கதான் வைக்கணும். இந்த வீட்டுல சுத்தமான கை உங்க கை ஒண்ணுதான்."

கூட்டம் முழுக்க அம்மா பக்கம் திரும்பியது. இதோ உடைந்துவிட்டது, இனி எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பயமும், அதைவிட அதிகமாக ஒரு நிம்மதியும் எனக்கு வந்தது. பெரியவர் ஒருவர் அம்மாவின் அருகே வந்து, நீ சொன்னால் சரி தாயி என்றார். சித்தப்பா திரும்பி வந்தார். என் பக்கத்தில் வரும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவர்தான் கொள்ளி வைத்தார்.

அம்மாவும் சித்தப்பாவும் போய் வெகுகாலமாகிவிட்டது. இப்போது பதுளைக்கு ரயில் வருகிறது, கடை என் மகன் கையில் இருக்கிறது. கத்திக் கத்தியே வியாபாரம் செய்கிறான், நான் அடக்குவதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பழைய தோட்டத்து மனிதர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் இருந்த இளம்பிள்ளைகளிடம் கதை சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பெரிய கங்காணி என்று ஒருவர் இருந்தாராம், வாழ்நாளில் கோபப்பட்டதே இல்லையாம். தம்பி படுபாவி, மனுஷன் கையை வெட்டிச் சிறைக்குப் போனவன். அப்படியிருந்தும் அவன் கையால்தான் கொள்ளி என்று அந்த அம்மாள் எழுந்து நின்று சொன்னாளாம். குற்றம் செய்த கையைச் சுத்தமான கை என்று சொல்லி மன்னித்த குடும்பம் இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பிள்ளைகளும் கும்பிட்டார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள், அப்படியே அப்பாவின் குணம் என்றார் அவர்.